பாத்தியில் நின்ற தண்ணீர்

இந்தச் செடிக்கு வேர் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும், அய்யா. எரு இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும். மண் காய்ந்தால் அன்றைக்கே தலை தொங்கிவிடும்.

விதை கொடுத்தது எஸ்டேட் துரைசானி. லூஸ்ஸ்ட்ரைஃப் என்றார். அந்தப் பெயர் என் மனைவி அத்தாயியின் வாயில் நுழையவில்லை. தினைக்கதிர் மாதிரி நிமிர்ந்து ஊதாவாகப் பூக்கும் என்று கேட்டதும் ஊதாக்கதிர் என்று பெயர் வைத்துக்கொண்டாள். நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். துறையூரில் படித்தவன். எதையும் முறையாகச் செய்தே பழக்கம்.

வீட்டை ஒட்டி ஓடும் ஊற்றுவாய்க்கால் ஓரமாகப் பாத்தி கட்டினாள். முதல் கோடையில் செடிகள் வாடின. அவளுக்கு இந்த மலையில் பேச ஆள் கிடையாது. செடிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நான் வாய்க்காலில் பலகைக்கல் அடுக்கிக் களிமண் பூசினேன். தண்ணீர் பாத்தியில் தேங்கி நின்றது. செடி பூத்தது. அத்தாயி சிரித்தாள். அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. இருந்த கம்பளியெல்லாம் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. போய்விட்டாள்.

கல்லை நான் எடுக்கவில்லை.

கீழே இருக்கும் பட்டிக்காரர்களுக்கு வாய்க்கால் ஓடியபடி இருக்க வேண்டும். ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு முன்னால் எல்லாரும் கூடி, தூர் வாரி, என் கல்லையும் பிடுங்கிப் போடுவார்கள். அவர்கள் சந்தைக்கு இறங்கும் நாளில் நான் திரும்ப அடுக்குவேன். காட்டுப்பன்றி அடைத்திருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

எதிர்க்கரையில் குடியிருந்த சென்றாயன் சிரித்தான். "ஏனுங்க ரைட்டரு, பன்னி சேத்த ஒழப்பும். கல்லடுக்கிக் களிமண்ணும் பூசுமுங்களா? உங்க துறையூருப் பள்ளிக்கூடத்துல படிச்ச பன்னியாட்ட இருக்குது."

நானும் சிரித்தேன். அவன் தோளில் மகள் இருசாயி உட்கார்ந்திருந்தாள். தினமும் வருவாள். "மாமா, ஒரு கதிரு குடுங்க" என்பாள். ஒடித்துக் கொடுப்பேன்.

பிறகு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கரண்டியில் பாத்தித் தண்ணீரை மொண்டு, நெளியும் புழுக்களைக் காட்டினார். "அத்தனையும் கொசுவாகும். ஊட்டுல யாரு இருக்காங்க?"

"யாருமில்லீங்க. சம்சாரம் காய்ச்சல்ல போயிட்டா."

அவர் தண்ணீரையே பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதாலதான் இருக்கும், ரைட்டரே. அந்தக் கல்ல எடுத்துடுங்க" என்றார்.

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை. எடுத்தால் அவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதற்குள் பட்டியில் மூன்று குழந்தைகள் காய்ச்சலில் போயிருந்தன. எனக்குத் தெரியும். அடக்கத்துக்கும் போயிருந்தேன்.

அடுத்து இருசாயிக்கு வந்தது. எஸ்டேட்டில் தரும் காய்ச்சல் மருந்தான கொயினாவை நானே தேனில் குழைத்துப் புகட்டினேன். அன்றைக்கு வாய்க்கால் கல்லையும் எடுத்துவிட்டேன், அய்யா. அதையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கியது. ஆனால் பாத்தி காய்ந்து செடிகள் தலை தொங்கின. அத்தாயி கடைசியில் அப்படித்தான் கிடந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. திரும்ப அடுக்கினேன்.

காய்ச்சலும் திரும்ப வந்தது. இந்த முறை கொயினா கேட்கவில்லை.

குழந்தை போய்விட்டது என்று சொல்ல சென்றாயன் வந்தபோது, நான் வாய்க்காலில் களிமண் பூசிக்கொண்டிருந்தேன். அவன் சத்தம் போடவில்லை. என் கைகளைப் பார்த்தான்.

"அந்தப் பன்னி நீங்கதானுங்களா, சாமி?"

ஆமாம் என்றேன். உங்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். கல் அடுக்கியது நான். தெரிந்தேதான் அடுக்கினேன். இருசாயி சாவும் அந்த மூன்று குழந்தைகள் சாவும் என்னைச் சேர்ந்தவை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தாயி பெயரை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். அவளுக்கு வந்தது மலைக் காய்ச்சல். அது வேறு.