அந்தக் கோழி என்னோடது

இல்லம்மா, நீங்க எந்திரிக்க வேணாம், குழந்தை தூங்குது பாருங்க. நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கிறேன். உள்ள இருக்க முடியல. ஏசி ஓடுது, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நடுங்கறாங்க, எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுது. ஆமா, ரெண்டாவது வரிசையில பச்சை சட்டை போட்டுக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்த ஆளு நான்தான். பார்த்தீங்களா. எல்லாரும்தான் பார்க்கறாங்க. அதுதான் எனக்கு இடிக்குது.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இப்ப என்னைப் பார்த்ததும் சிரிச்சீங்கல்ல? இல்லையா? சரி, சிரிக்கல, உதடு தானா போச்சு. கோவம் எல்லாம் இல்லம்மா. ஒரு மாசமா இதேதான் நடக்குது, பழகிப்போச்சு.

பேக்கரிக்காரன் ஒருத்தன் இருக்கான். இத்தனை வருஷமா என் மூஞ்சியக்கூட பார்க்காம மிச்ச சில்லறையைத் தூக்கிப் போடறவன். இப்ப ரொட்டியைப் பக்குவமா கையில குடுத்துட்டு, கோழி சௌக்கியமாண்ணேங்கறான். கீழ் வீட்டுப் பொடிசுங்க இருக்கே, நான் மாடிப்படி ஏறினா போதும், பின்னாடியே கொக்கரக்கோன்னு வருதுங்க. அது சேவல் சத்தம்டா, கோழி அப்படிக் கத்தாதுன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். முடிவெட்டறவர் அதுக்கு மேல. பாதி வெட்டுல கத்திரியை நிறுத்திட்டு, உங்க பொண்ணு கில்லாடிண்ணே, உங்களை அப்படியே புட்டுப் புட்டு வச்சிருக்காங்கறார். எதைப்பா புட்டு வச்சான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறார். என்னண்ணே, நீங்க இன்னும் படிக்கலையான்னு என்னையே திருப்பிக் கேக்கறார். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வெட்டறதுக்குக் குனிஞ்ச மாதிரி.

ஆமாம்மா, என் பொண்ணுதான். இன்னைக்கு விருது வாங்கப் போறது அவதான். கோழி கிளம்பிடுச்சுன்னு புத்தகம் பேரு. பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட டோக்கன் குடுக்கற வேலை பாக்கறா. ஆளுங்க வராத நேரத்துல டோக்கன் சீட்டுக்குப் பின்னாடி கோழி கோழியா வரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கா. அது புத்தகமாகி, இந்த அளவுக்கு வந்து நிக்குது. பெருமை இல்லாம இருக்குமா? பெருமைதான். பெருமையும் இருக்கு, பயமும் இருக்கு.

பெரிய பையன் ஒருத்தன் இருக்கானா? உள்ள உக்காந்திருக்கானா? ஓட்டுப் போட்ட பிள்ளைங்கள்ல அவனும் ஒருத்தனா? அது ஒண்ணு இந்த விருதுல எனக்குப் புடிச்சது. நூலகமும் புத்தகக் கடைக்காரங்களும் சேர்ந்து வருஷா வருஷம் குடுக்கறாங்க, ஆனா பெரியவங்களுக்கு அதுல ஓட்டே கிடையாது. பிள்ளைங்க எதைப் படிச்சு வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்குதுங்களோ அதுக்குத்தான் விருது. சிரிச்சுக்கிட்டே படிச்சா படிப்பு ஒட்டிக்குமாம். நல்ல விஷயம்தான், நான் குத்தம் சொல்லல.

ஆனா இவங்க ஒரு வழக்கம் வச்சிருக்காங்க பாருங்க, அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன். எழுதினவங்க மேடையில படிக்கக் கூடாதாம். எழுதினவங்களுக்கு சின்ன வயசுல யார் புத்தகம் படிச்சுக் காட்டினாங்களோ, அவங்கதான் வந்து ஒரு பக்கம் படிக்கணும். போன வருஷம் ஒரு பஸ் டிரைவர் வந்து தங்கச்சி புத்தகத்தைப் படிச்சாராம், ஒரே விசிலாம். இவ யார் பேரைக் குடுத்திருக்கா தெரியுமா? என் பேரை. அவ அம்மா கணீர்னு படிப்பா, நாலு பேர் முன்னாடி கூசாம பேசுவா. அவளை விட்டுட்டு என்னை. சும்மா ஆடுமா குடுமி?

சந்தேகப்படாதீங்கங்கறீங்க. நான் டைல்ஸ் போடறவன்ம்மா. தட்டிப் பார்க்காம எதையும் நம்ப மாட்டேன். அந்தக் கதவு ஓரத்துல இருக்கே டைல்ஸ், அதுக்கு அடியில சாந்து பிடிக்கவே இல்ல, காலி. வரும்போது கால் வச்சதுமே தெரிஞ்சிடுச்சு. பார்க்கறதுக்குப் பளபளன்னுதான் இருக்கு. மனுஷங்களும் அப்படித்தான், பளபளப்பு கூடினா நான் தட்டிப் பார்ப்பேன்.

தட்டிப் பார்க்கற அளவுக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. இந்தச் சட்டை, அவ வாங்கிக் குடுத்தது. காலையில அவளே தேய்ச்சுக் குடுத்தா. வாரம் பூரா அப்பா அப்பான்னு தேன் ஒழுகுது. வெட்டறதுக்கு முன்னாடிதான் ஆட்டுக்குத் தழை காட்டுவாங்க. அவ அம்மா என்னன்னா, புத்தகம் வந்த அன்னைக்கு அடுப்படியில நின்னுக்கிட்டே படிச்சா. முதல்ல களுக் களுக்னு சிரிப்பு. அப்புறம் மூக்கை உறிஞ்சற சத்தம். போய்ப் பார்த்தா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கறா. என்னடின்னா வெங்காயம்கறா. கையில புத்தகம் இருக்கு, வெங்காயத்தைக் காணோம். என்ன எழுதியிருக்கான்னு கேட்டா, மேடையில தெரியும், போங்கங்கறா. அவ கழுவுற மீன்ல நழுவுற மீனு. தாயும் மகளும் கூட்டு சேர்ந்துட்டாங்க, அது மட்டும் நிச்சயம்.

படிச்சுக் காட்டினது உண்மைதான். அதை நான் இல்லைங்கல. அவ அம்மாவுக்கு அப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை. பிள்ளையைத் தூங்க வைக்கறது என் பொறுப்பு. ஒரு பெரிய வீட்ல குளியலறைக்கு டைல்ஸ் போட்டுக்கிட்டு இருந்தேன், அவங்க வேணாம்னு ஒதுக்கின சாமான்ல ஒரு படப் புத்தகம் கிடந்துச்சு. கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒரு சின்னப் பையன் கண்ணாடி முன்னாடி நிப்பான், சோப்பு நுரை இருக்கும், வாளி இருக்கும். எல்லாப் பக்கத்துலயும் ஓரமா ஒரு கோழி நிக்கும். அது ஏன் அங்க நிக்குதுன்னு வரைஞ்சவனுக்கே தெரியுமோ என்னமோ. நான் கோழியைப் புடிச்சுக்கிட்டேன். உள்ளதை உள்ளபடி படிச்சா பிள்ளைக்குச் சலிச்சுப் போகும் பாருங்க, அதனால கொஞ்சம் அப்படி இப்படி மாத்திச் சொல்லுவேன். ஒரு நாள் கோழி பேங்க்குக்குப் போய் முட்டை வைக்க லாக்கர் கேக்கும். ஒரு நாள் பல்லு வலின்னு டாக்டர்கிட்ட போகும். அவர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, பல்லே இல்லையேம்மா, வலியை மட்டும் யார்கிட்ட கடன் வாங்கினேம்பார். அவ சிரிச்சு சிரிச்சு விக்கல் வந்துடும், தண்ணி குடுத்துப் படுக்க வைப்பேன். நேத்து இதே பக்கத்துல கோழி பஸ்ல போச்சேப்பான்னு மடக்குவா. இன்னைக்கு பஸ் ஸ்டிரைக்கும்மான்னுவேன்.

என்ன? கொஞ்சம் மாத்தினா பஸ் எப்படி ஸ்டிரைக் ஆச்சுங்கறீங்களா? நீங்க என்ன, போலீஸ்ல இருக்கீங்களாம்மா? குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு குறுக்கு விசாரணை பண்றீங்க.

சரி, அதை விடுங்க. இப்ப அவ புத்தகத்தைத் திறந்தா என் கோழி நிக்குது. அப்படியே என் கோழி. பக்கத்துல ஒரு ஆளு. காதுல பென்சில், முழங்கால்ல பஞ்சு உறை, மண்டி போட்டு மண்டி போட்டு வளைஞ்ச காலு. தொப்பைதான் கொஞ்சம் தாராளமா போட்டிருக்கா. குருடன்கூட சொல்லிடுவான் அது யாருன்னு. கோழியைக் குடுத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. அந்த ஆளைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கறதுதான் எனக்குத் தெரியணும். ஊரே சிரிக்குதே, கோழியைப் பார்த்தா சிரிக்குது? என்னைப் பார்த்துல்ல சிரிக்குது.

உங்க பையன் எந்த இடத்துல சிரிப்பான்? தெரியாதா, இல்ல சொல்ல மாட்டீங்களா?

நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்லைல்ல? பஸ் ஏறி வந்தீங்களா. நல்லதாப் போச்சு. அப்படின்னா ஒரு உதவி செய்யுங்க. இந்தப் பையில புத்தகம் இருக்கு, எடுங்க. மெதுவா, பாப்பா எந்திரிச்சிடப் போகுது. சிவப்பு நூல் வச்சிருக்கா பாருங்க, அந்தப் பக்கம்தான் நான் படிக்க வேண்டியது. பக்கம் முழுக்கப் படம். அந்த ஆளு மடியில புத்தகத்தை விரிச்சு வச்சிருக்கான், பிள்ளை அவன் மேல சாஞ்சுக்கிட்டு இருக்கு. கீழ ஒரே ஒரு வரி. அந்த வரி என்னன்னு எனக்குச் சொல்லுங்க. ஒரு தடவை காதுல விழுந்தா போதும், பிசகாம சொல்லிடுவேன்.

கண்ணாடியா? சட்டைப் பையிலதான் இருக்கு. அதைப் போட்டா டைல்ஸ்ல முடி அளவு விரிசல்கூட தெரியும். கண்ணுல கோளாறு இல்லம்மா. எனக்கு எழுத்து தெரியாது, அவ்வளவுதான்.

அளவு நாடாவுல இருக்கிற நம்பர் எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கையெழுத்து போடுவேன், அதுவும் படம் வரையற மாதிரி பழகினது. எழுத்துதான் வரல. சின்னப் பிள்ளையிலயே சாந்து குழைக்கப் போயிட்டேன். அவ அம்மாவுக்குத் தெரியும், ரெண்டு பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சோம். பொண்ணுக்குத் தெரியவே விடல. இப்ப, எல்லாரையும் படிக்க வைக்கிறோம்னு சொல்லி நடத்தற விழாவுல, இத்தனை பேர் முன்னாடி, இவளுக்குப் புத்தகம் படிச்சுக் காட்டின மகராசன் இவர்தான்னு என்னைக் கொண்டு போய் நிறுத்தினா? என் மானம் போனா போகட்டும். அவளுக்குன்னு வந்த நாள்மா இது. என்னால அது கெட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்கு. சொல்லுங்க, என்ன போட்டிருக்கு?

இன்னொரு தடவை சொல்லுங்க.

அப்பா, இன்னைக்குக் கோழி எங்க போகுது? அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா? அதுக்கு அடுத்த பக்கம் வெள்ளையா இருக்கே, அச்சுல விட்டுட்டான் போலன்னு நான் அச்சகத்துக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வேணும்னுதான் விட்டிருக்காளா? உங்க பையன் வெள்ளைப் பக்கத்தை வச்சுக்கிட்டு என்னதான் பண்ணுவான்?

ஓ. கோழி எங்க போகுதுன்னு அவனே சொல்லுவானா. தினம் ஒண்ணு சொல்லுவானா. அதைக் கேட்டுட்டுத்தான் நீங்களும் சிரிக்கிறதா.

கொஞ்சம் இருங்கம்மா. எனக்கு இப்பதான் ஒண்ணு உறைக்குது. அந்தப் பழைய புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு தினமும் மடியில ஏறுவாளே, படிச்சுக் காட்டுப்பான்னு அவ ஒரு நாளும் கேட்டதில்ல. ஒரு நாளும் இல்லம்மா. இதைத்தான் கேப்பா. இதே வரிதான். அவ ஒண்ணாவதுல சேர்ந்து, கடை போர்டை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு வந்தப்பவும் இதைத்தான் கேட்டா. அப்படின்னா அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்ல. நான் படிக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேட்டிருக்கா. இத்தனை வருஷம் மூச்சு விடல பாருங்க, கள்ளி.

இல்லல்ல, ஒண்ணும் இல்ல, வேர்வைதான். துணி இருக்கு எங்கிட்ட.

மைக்ல யாரைக் கூப்பிடறாங்க? என்னையா? புத்தகத்தைக் குடுங்க. நீங்களும் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துடுங்க. இன்னைக்குக் கோழி எங்க போகுதுன்னா கேக்கறீங்க? எனக்கே இன்னும் தெரியலம்மா, மேடை ஏறினாத்தான் தெரியும்.