இரண்டாவது கட்டம்

அந்த அறையில் குளிர் நன்றாக இருக்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே புல் வெட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தால், வியர்வைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு சில்லென்று இருக்கும். நாற்காலியும் மெத்தை வைத்தது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், ரமணன் சார். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தாறு வயதில்தான் நான் எழுத்துக் கற்றேன். தேக்காவில் ஒரு கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில். அதற்கு முன் பதினோரு வருஷம் இந்தச் சிங்கப்பூரில், மற்றவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு கோணல் கோடு போட்டு வந்தேன். அதுதான் இந்த அண்ணாதுரையின் கையெழுத்து.

நான் புல் வெட்டும் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் குணமணி மேடம் என்னைக் கூப்பிட்டதும் நான் படிக்காதவன் என்பதால்தான். கம்ப்யூட்டர் மேல்படிப்பு மாணவர்களுக்கு அவர் அந்தக் குளிர் அறையில் பேச்சுத் தேர்வு வைக்கிறார். எவ்வளவு பெரிய ஆராய்ச்சி செய்தாலும், கம்ப்யூட்டரே தெரியாத ஒருவருக்கு அவர் மொழியில் அதைப் புரியவைக்க வேண்டும். இல்லையென்றால் பட்டம் கிடையாது. சீன மாணவர்களுக்கு கேன்டீன் ஆன்ட்டி. தமிழ் மாணவர்களுக்கு நான்.

“ஒண்ணும் பயப்படாதீங்க அண்ணே, ஜஸ்ட் கேளுங்க. புரிஞ்சா இந்தக் கட்டத்துல டிக், புரியலைன்னா அந்தக் கட்டம். அவ்ளோதான் லா,” என்றார்.

புரியவில்லை என்று விழுந்தால், அடுத்த மாதம் அதே மாணவர் அதே ஆளிடம் வந்து மறுபடி சொல்ல வேண்டும். அது மேடம் வைத்த விதி. அந்த விதி இல்லாவிட்டால் ஒன்றுமே நடந்திருக்காது என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வந்தவர் சுலக்ஷன். திரையில் படம் படமாகக் காட்டினார். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு சொல் புரியவில்லை. புரிந்தது என்று டிக் போட்டு அனுப்பிவிட்டேன். அந்தத் தம்பியை மறுபடி உட்கார்ந்து யார் கேட்பது?

அடுத்தது வினுஷா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. படிக்க வந்து, பிடோக்கில் வாடகை அறையில் இருந்தது. திரையைப் போடவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்து, “அண்ணா, நீங்க இருக்கிற இடத்தில எத்தினை பேருக்கு ஒரு அடுப்பு?” என்று கேட்டது.

நான் உட்லண்ட்ஸ் பக்கம் தொழிலாளர் விடுதியில் இருக்கிறேன். ஆறு பேருக்கு ஒன்று என்றேன்.

“சரி. ஒருத்தர் அடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், அவரிட்டச் சட்டி இல்லை. மற்றவர் சட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், அவருக்கு அடுப்பு இல்லை. ரெண்டு பேரும் பிடிச்சதை விடமாட்டினம். என்ன நடக்கும்?”

“ரெண்டு பேரும் பட்டினிதாம்மா.”

“அதேதான் அண்ணா. கம்ப்யூட்டருக்குள்ளயும் வேலையள் இப்பிடித்தான் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிண்டிடும். ஆரை விலக்கினா மற்றவை போகலாம் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் என்ர ஆராய்ச்சி.”

பளிச்சென்று புரிந்தது.

என் வாழ்நாளில் ஒருவரும் எனக்கு எதையும் இப்படி எதிரே உட்கார்ந்து சொன்னதில்லை. தினமும் வேலைக்கு முன் பாதுகாப்புப் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கும். முடிவில் புரிந்ததா என்பார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். ஆட்டாதவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். புரியவில்லை என்று சொல்ல எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே இடம் அந்த இரண்டாவது கட்டம். அதில் டிக் போட்டேன்.

பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும், “பரவாயில்லை அண்ணா. அடுத்தமுறை வடிவாச் சொல்லுறன்,” என்றது. அதற்காக ஒரு மாதம் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை, தேக்கா சந்து முனையில் நான்கு லாரிகள் ஒன்றையொன்று மறித்து நிற்பதைச் சொன்னது. நான்கு பேனா மூடிகளை மேசையில் வைத்துக் காட்டியது. நானாகவே ஒரு மூடியைப் பின்னால் இழுத்தேன். “விளங்கிட்டுது, என்ன அண்ணா?” என்று சிரித்தது. கொஞ்சம் புரியுதும்மா என்றேன். கொஞ்சத்துக்குக் கட்டம் கிடையாது. இரண்டாவதில் போட்டேன்.

மூன்றாம் முறை வந்தபோது கண் வீங்கியிருந்தது.

“அண்ணா, அம்மா ஆசுப்பத்திரியில. கடுமை எண்டு சொல்லினம். எனக்கு இது ஒண்டுதான் மிச்சம். தேர்வு முடியுமட்டும் லீவு இல்லை, விட்டிட்டுப் போனா ரெண்டு வருசப் படிப்பும் போயிடும். முடிக்காமல் வராதை எண்டு அம்மாவே சொல்லுறா. இண்டைக்கு நீங்க விளங்கினது எண்டு போட்டா, நாளைக்குக் காலமை பிளைட்.”

யோசித்துப் பாருங்கள் சார். டிக் போட்டால் நாளைக்குப் போய்விடும். அதை அந்தப் பிள்ளையே தன் வாயால் சொன்னது.

அன்றைக்குத்தான் மிக நன்றாக விளக்கியது. ஒரு சொல் வீணில்லை. தேர்வு என்றால் தேர்வுதான், இரக்கப்பட்டு டிக் போடக்கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது கட்டத்தில் போட்டேன்.

தாளைப் பார்த்தது. பிறகு என் கையைப் பார்த்தது. “இனி நான் வேற எப்பிடிச் சொல்ல, அண்ணா?” என்றது. அப்படியே சொன்னால் போதும் என்று வாய் வரை வந்தது. தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பதினோராம் நாள் அந்த அம்மா இறந்துவிட்டார். சாவுக்கென்று லீவு கிடைத்து, பிள்ளை பிளைட் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்களாம். மேடம் சொன்னார். எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான்காம் முறைக்குத் திரும்பி வரும் என்று தெரியும். வராமல் முடியாது.

என்னைக் காட்டிக்கொடுத்தது அப்துல் மஜீது. என்னோடு புல் வெட்டுகிறவன், கெட்டவன் இல்லை. அந்த வாரம் விடுதி அடுப்படியில் இரண்டு பேருக்குள் சட்டிச் சண்டை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். எல்லோரையும் உட்காரவைத்து அடுப்பு, லாரி, கம்ப்யூட்டர் என்று ஆரம்பம் முதல் முடிவு வரை விளக்கினேன். சண்டைக்காரர்களே வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

“அண்ணே, நீங்க புல்லு வெட்டவே வந்திருக்கக் கூடாது. பாடம் எடுக்கப் போங்க லா,” என்று மஜீது போனில் வீடியோ எடுத்தான். மறுநாள் பெருமையாக மேடத்திடம் காட்டினான்.

மேடம் முழுவதும் பார்த்தார். “அண்ணே, இது வினுஷாவோட டாபிக். உங்களுக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?” என்றார். முதல் நாளிலிருந்தே என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

வினுஷாவுக்குத் தேர்ச்சி கொடுத்துவிட்டார்களாம். இனி வராதாம். என்னிடம் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நேற்று நீங்கள் விசாரணைக்கு வந்து, அதே அறையில் என் எதிரே உட்கார்ந்து, நான் செய்தது என்ன, அதனால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். திட்டவில்லை. டீகூட வாங்கித் தந்தீர்கள். “உங்க மேல உள்ள புகார் இதுதான் அண்ணே. புரியுதா?” என்று இரண்டு முறை கேட்டீர்கள்.

பளிச்சென்று புரிந்தது. ஒரு பிள்ளையைச் சாகக் கிடந்த தாயிடம் போகவிடாமல் பிடித்து வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன்.

நீங்கள் தந்த தாளின் அடியில், புகார் விளக்கப்பட்டது என்று எழுதி, பக்கத்தில் புரிந்தது, புரியவில்லை என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவதில் டிக் போட்டிருக்கிறேன். மறுபடி சொல்ல நீங்கள்தானே வருவீர்கள், சார்?