சிக்கல் ஏதும் இல்லை

ஹலோ… ஹலோ, கேக்குதா? நான்தான். ஆஸ்பத்திரி மாடிப்படிகிட்ட நிக்கிறேன், இங்கதான் சிக்னல் கிடைக்குது… ஆமா, ஆமா, டாக்டர் பார்த்துட்டாங்க… வயித்துல குழந்தை நல்லா இருக்கு. முதல்ல நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. முதல் தடவை இங்க வந்தப்ப ஃபாரத்த நீங்கதானே நிரப்பினீங்க?…

ஆமா, நான் வாந்தி எடுத்துட்டு இருந்தேன், அதான் உங்ககிட்ட குடுத்தேன். முந்தின பிரசவத்துல ஏதாவது சிக்கலான்னு ஒரு கட்டம் இருந்துச்சே. அதுல என்ன எழுதினீங்க?… சுத்தி வளைக்காதீங்க, என்ன எழுதினீங்க?… ம். "இல்லை."

இல்லையா? ஆசனவாய் வரைக்கும் கிழிஞ்சு ஒரு மணி நேரம் தையல் போட்டாங்க. வெளிய பெஞ்சுல நீங்கதானே உக்காந்திருந்தீங்க?… யாரு? கவுன்டர்ல இருந்த பொண்ணா? அது படிச்சிடும்னு கூச்சமா?… சீ! கார் பம்பர்ல ஒரு கீறல் விழுந்ததுக்கு இன்சூரன்ஸ்காரனுக்கு ரெண்டு பக்கம் எழுதினீங்க, போட்டோ வேற. பொண்டாட்டி கிழிஞ்சதுக்கு ஒரு வார்த்தை எழுதக் கை வரல…

இன்னிக்கு டாக்டர் தழும்பப் பார்த்துட்டு, "ஏம்மா இத்தனை மாசமா சொல்லல?"ங்கிறாங்க. ஃபைல்ல இருக்குன்னு நானும் வாயத் திறக்காம இருந்துட்டேன். மேசை மேல அப்படியே படுத்துக்கிட்டுத் திருதிருன்னு முழிக்கிறேன்…

என்ன சொன்னாங்களா? வழக்கமா பெத்தா திரும்பவும் கிழியலாம், கிழியாமலும் போகலாமாம். ஆபரேஷன்னா அதுல வேற ஆபத்து, வயித்துக் காயம் ஆற நாளாகுமாம். உன் விருப்பம்மா, நான் கிளம்பறதுக்குள்ள சொல்லுன்னாங்க…

அதான் ஆறிப்போச்சேவா? யாருக்கு ஆறிப்போச்சு?

…

சரி, கேட்டுக்கோங்க. மூணு வருஷமா எனக்கு வெளிக்கு வந்தா அடக்க முடியல. கதவத் திறக்கிறதுக்குள்ள ஆயிடும். ஸ்டாஃப் ரூம்ல கக்கூஸ் பக்கத்து நாற்காலிய எதுக்குக் கேட்டு வாங்கினேன், காத்து வாங்கவா? கைப்பையில மாத்துத் துணியோட பாடம் நடத்துறேன். பசங்க முன்னாடி தும்மல் வந்தா உயிரே போயிடும்…

ஏன் சொல்லலையா? சொன்னா நீங்க மூக்கப் பொத்திக்குவீங்கன்னுதான்…

இருங்க. என்ன, நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது?… ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க? பக்கத்துல யாரு?… அத்தையா? இவ்வளவு நேரமுமா?

த்தூ… வேணாம், அணைக்காதீங்க. அத்தை! கேக்குதா அத்தை? பொம்பளையாப் பொறந்தா தாங்கிக்கணும், இந்தத் தடவை ஆபரேஷன் கீபரேஷன்னு போயிடாதேன்னு சொன்னீங்களே. இதத்தான் தாங்கிக்கிட்டு இருக்கேன்…

அத்தை?… அழறீங்களா?… என்னது?… உங்களுக்குமா? எப்பலேருந்து?… இவர் பொறந்ததுலேருந்தா!

…

அப்ப முட்டிவலின்னு சொன்னதெல்லாம் சாக்கா?… கல்யாணம் காட்சின்னா வராம இருந்ததெல்லாம்?… ம்… ம்… முப்பத்தாறு வருஷம் அத்தை. இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னையும் தாங்கச் சொன்னீங்களா? குமட்டுது எனக்கு… இல்ல, உங்கமேல இல்ல… இல்ல அத்தை, பொய் சொல்லக் கூடாது, உங்கமேலயும்தான்.

…

என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க… வயித்தையே அறுத்துக்கோன்னா? நீங்களா சொல்றீங்க?… ம். அது நான் மேசைய விட்டு இறங்கினப்பவே முடிவு பண்ணியாச்சு. அவர்கிட்டக் குடுங்க… எங்க போனாரு?… வாசல்ல நிக்கிறாரா? அம்மாவும் பொண்டாட்டியும் உடம்பப் பத்திப் பேசினதும் ஐயாவுக்குக் காத்து வேணுமாக்கும். நிக்கட்டும், நிக்கட்டும்…

இதோ வரேன் சிஸ்டர்! ஆபரேஷன்தான், டாக்டர்கிட்டச் சொல்லிடுங்க. ரெண்டு நிமிஷம், உள்ள வந்துடுறேன்.

அத்தை, இருக்கீங்களா? அடுத்த வாரம் நான் வரும்போது நீங்களும் வாங்க. இதே டாக்டர்கிட்டக் காட்டலாம்… காட்டித்தான் ஆகணும்… கவுன்டர்ல ஆள் இருந்தா இருக்கட்டும்… வெக்கமா? என்ன அத்தை வெக்கம், இந்த வயசுல… அத்தை?… ஹலோ?…

சீ. வச்சுட்டாங்க.