இருபத்துமூன்று இஞ்ச் இடுப்பு

இஞ்ச் டேப்புக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். அதற்கு மேல் ஓரம் நைந்து, முனையிலுள்ள பித்தளைத் தகடு ஆடத் தொடங்கிவிடும். புதியது வேண்டுமென்றால் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமையில்லை. நைந்துபோன முதல் இஞ்சை வெட்டி எறிந்துவிட்டு, தகட்டை மறுபடியும் அடித்துப் பொருத்திக்கொண்டேன். எங்கள் ஸ்டூடியோ தையலறையில் எல்லோரும் செய்வதுதான். அளக்கும்போது டேப் காட்டுவதில் ஓர் இஞ்சைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை கழிக்க மறந்துவிட்டேன். முதல் தடவை அது மறதிதான், லெப்டினன்ட். போலீஸ்காரராக இருந்தாலும் அதை நீங்கள் நம்ப வேண்டும்.

கோரின் ஹேல் என்று நீங்கள் திரையில் பார்த்தவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஓப்பல் ஸ்டக்கி. 1947இல் நெப்ராஸ்காவிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்தபோது பத்தொன்பது வயது. ஸ்டூடியோ அவள் பல்லைச் சீராக்கியது, முன்மயிரை எடுத்து நெற்றியை அகலமாக்கியது, பெயரை மாற்றியது, ஏழு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. அவளுக்கு உடுத்திவிட என்னை ஒதுக்கினார்கள். அதற்கு முன் பதினோரு வருடம் நான் நிலவறையில் முப்பது தையல் இயந்திரங்களுக்கு நடுவில் இருந்தேன். வெளியே மழையா வெயிலா என்று படியேறி வந்து பார்த்தால்தான் தெரியும். ஓப்பல் வந்த பிறகு படப்பிடிப்புத் தளத்தில் அவள் பெயர் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அதை நான் மிகவும் விரும்பினேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. இடுப்பு இருபத்துமூன்று இஞ்சைத் தாண்டக் கூடாது. திங்கட்கிழமைதோறும் காலையில் நான் அளந்து, அட்டையில் எழுதி மாடியிலுள்ள நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். தாண்டினால் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வைப்பார்கள். உட்கார்ந்த நாட்களெல்லாம் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்ந்துகொள்ளும். ஓப்பலுக்கு வரும் ஜூனில் விடுதலை. ஊரில் ரேமண்ட் என்று ஒரு மாட்டு வைத்தியர் அவளுக்காக ஏழு வருடமாகக் காத்திருந்தார்.

அன்றைக்கு டேப் இருபத்துநான்கு காட்டியது. அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"எழுதிடாதீங்க வெர்னா. ஜூன்ல வந்துடுவேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு நாள் தள்ளிப்போனாலும் என்னால தாங்க முடியாது."

"அழாத கண்ணு. இருபத்துமூணுன்னே போட்டுடறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

மத்தியானம் டேப்பைச் சுருட்டும்போதுதான் விஷயம் உறைத்தது. வெட்டிய இஞ்சைக் கழித்தால் உண்மையில் இருபத்துமூன்றுதான். அட்டையில் நான் எழுதியது சரி. போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் அதுவரை யாரும் என் மடியில் அழுததில்லை. உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் அவளுடைய பாவாடைகளை எல்லாம் ஓர் இஞ்ச் பிடித்துத் தைத்தேன். டேப்பும் துணியும் ஒன்றையே சொல்ல வேண்டுமல்லவா?

அவள் காலையில் பாதி கிரேப்ஃப்ரூட், பால் சேர்க்காத காபி, அப்புறம் பசியடக்கும் மாத்திரைகள் என்று வைத்துக்கொண்டாள். மத்தியானம் கோழி சூப்பை வரவழைத்து, முகர்ந்துவிட்டு என் பக்கம் தள்ளுவாள். நான் குடித்துவிடுவேன். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. கிறிஸ்துமஸுக்குள் டேப் மறுபடி இருபத்துமூன்று காட்டியது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு, இனி தினமும் அளக்கச் சொல்லித் தொந்தரவு செய்யமாட்டேன் என்றாள். ஜனவரியில் இரண்டாவது இஞ்சை வெட்டினேன். மார்ச்சில் மூன்றாவது.

எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒப்பனைக்கார சால், "மகாராணி, உங்க கன்னத்துக் குழியில காபி ஊத்திக் குடிக்கலாம் போலிருக்கே," என்று கேலி செய்தார். அவள் சிரித்தாள். ஒளிப்பதிவாளருக்கு ஏக சந்தோஷம், முகத்தில் எலும்பு வந்தால் நிழல் நன்றாக விழுமாம். எடை இயந்திரம் குறைத்துக் காட்டுகிறதே என்று அவள் ஒருமுறை கேட்டாள். உனக்கு எலும்பு கனமில்லை, அதனால்தான் என்றேன். அட்டையில் வாராவாரம் இருபத்துமூன்று என்றே எழுதினேன். எனக்காகப் பொய்யெழுதுகிறீர்கள் என்று அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஏப்ரல் முதல் வாரம் உடைமாற்றும் அறையில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினேன். கண்ணாடிக்கு முன் வெகுநேரம் நின்றாள்.

"வெர்னா, இந்த ஊர்ல எங்கிட்ட பொய் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான். கண்ணாடில பார்த்தா எலும்பாத் தெரியறேன். டேப்பு வேற சொல்லுது. நான் எதை நம்பறது?"

அவித்த முட்டை ஒன்று தட்டில் இருந்தது. அவள் கை அதன் பக்கத்திலேயே இருந்தது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். யோசித்துத்தான் பேசினேன், அவசரப்படவில்லை.

"டேப்பை நம்பு கண்ணு. கண்ணாடி மனசுக்கேத்த மாதிரி காட்டும்."

அவள் முட்டையை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை தானாகவே வந்து அளக்கச் சொன்னாள். டேப் இருபத்திரண்டரை காட்டியது. குழந்தை மாதிரி கை தட்டினாள். மறுநாள் மாடிப்படி இறங்கும் காட்சி. ஐந்தாவது தடவை எடுக்கும்போது நடுப்படியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டரின் டேப் பத்தொன்பதரை காட்டியிருக்கும். அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ரேமண்ட் அவளை ஊருக்கு ரயிலில் கொண்டுபோனார். நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் உங்களைப் பற்றி எழுதுவாள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சவப்பெட்டி ஏறியது, ரயில் போனது. எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் எதுவும் வரவில்லை, கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். மூன்று தடவையும் வெட்டியது நான்தான், இரண்டு தடவை தெரிந்தே. அவள் ஜூனில் போய்விடுவாள் என்பதும் தெரியும், பட்டினியால் சாவாள் என்பதும் தெரியும், கடைசி வாரத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அவளிடம் முகம் சுளித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.