லைன் இழுக்காத ரூமு

சரியா பகல் பன்னண்டரை மணி. ஏன்டா சிரிக்கிற? பேய்னா ராத்திரிதான் வரணும்னு எவன் சொன்னான்? இது உச்சிவெயில்ல வந்தது. ரெண்டாயிரத்து ஏழு, கத்திரி வெயில். வேப்பூர் தாண்டி லப்பைக்குடிக்காடு போற ரோடு... ஒரு நாய் கூட கிடையாது. தார் உருகி டயர்ல ஒட்டுது. பிசுக்... பிசுக்... அதுல மொபட்ல போறான் மதுரைவீரன்.

யாருன்னா, நம்ம அண்ணாதுரையோட மச்சான். பெரம்பலூர்ல இன்வெர்ட்டர் மெக்கானிக். பேருதான் மதுரைவீரன், ஏணியில நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும். ஆனா வாய் இருக்கே! எந்த வூட்டுக்குப் போனாலும் மொதல்ல வூட்டுக்காரங்களத்தான் திட்டுவான். உலகத்துல அவன் ஒருத்தனுக்குத்தான் மூளை, மத்தவன் மண்டையில எல்லாம் களிமண்ணு. அப்பேர்ப்பட்ட அறிவாளி.

அன்னைக்குப் போனது ஜுலைகா வூட்டுக்கு. புருஷன் ஷஃபியுல்லா குவைத்துல. ரெண்டு மாசம் முன்ன அங்க இன்வெர்ட்டர் மாட்டுனதே இவன்தான். மூணு மணி நேரம் தாங்க வேண்டிய புது பேட்டரி, இப்ப கால்மணியில கீ...ன்னு கத்திட்டுப் படுத்துடுதாம்.

போனப்ப கரண்ட் இல்ல. ஜுலைகா முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு அடுப்படி வாசல்ல நின்னா. இவன் ஆரம்பிச்சான். "பேட்டரிக்கு போர் தண்ணிய ஊத்துனியாம்மா? மிக்சிய போட்டியா? உங்களுக்கெல்லாம் எதுக்கு இன்வெர்ட்டர்?"

"இல்லண்ணே, நீங்க குடுத்த கேன் தண்ணிதான் ஊத்துறேன்."

நம்பல. மூடியத் தொறந்து பாத்தான்... தண்ணி சரியா இருக்கு. ஒயர் மாட்டுற முனையில உப்பு பூக்கல. அப்ப எங்கயோ லோடு இழுக்குது. ஒவ்வொரு சுவிட்சா நிறுத்துனான். ஹால் ஃபேன்... நின்னுச்சு. அடுப்படி லைட்டு... அணைஞ்சுது. மீட்டரப் பாத்தான். ஒரு ஃபேன் அளவுக்குக் கரண்ட் போயிட்டே இருக்கு.

அப்பத்தான் கேட்டுச்சு. டக்... டக்... டக்... பின்ரூமுல.

இங்க ஒண்ணு சொல்லணும், சொல்லவே வாய் கூசுது. அந்த ரூமுல படுத்திருந்தவரு ஷஃபியுல்லாவோட அத்தா, ஜுலைகாவுக்கு மாமனாரு. பக்கவாதம், பேச்சு கிடையாது. "அத்தா ரூமுக்கு ஃபேன் ஓடணும், அதுக்குத்தான் இன்வெர்ட்டரே"ன்னு குவைத்துலருந்து ஃபோன் போட்டுச் சொன்னாரு மனுஷன். அதுக்கு சுவத்த வெட்டி ஒயர் இழுக்கணும். நம்ம அறிவாளிக்கு உடம்பு வளையல. "இழுத்தாச்சு"ன்னுட்டுப் போயிட்டான். மாட்டுன மூணாம் நாளே மத்தியானம் கரண்ட் கட். ஹால்ல ஃபேன் ஓடுதே, அங்கயும் ஓடும்னு நம்பி, பெரியவரு தூங்கட்டும்னு கதவச் சாத்தியிருக்காங்க. மூணு மணி நேரம் கழிச்சுக் கஞ்சி எடுத்துட்டுப் போனா... மவுத்து, உசுரு இல்ல. அதுக்குள்ள கரண்ட் வந்து ஃபேன் ஓடிக்கிட்டிருக்கு. யாருக்குத் தெரியும்? இவன் ஒருத்தனுக்குத் தெரியும். தெரிஞ்சும் மையத்து வூட்டுல வந்து நின்னு, "வயசாயிடுச்சுல்ல"ன்னானாம். நாதாரி.

இப்ப அந்த ரூமு கதவத் தொறந்தான். வெறும் கட்டில். பெரியவருக்குத் தேய்ச்ச தைல வாசனை... மூக்க அடைக்குது. மேல ஃபேன் முழு வேகத்துல சுத்துது. ஆனா காத்து வரல. இம்மி காத்து இல்ல. சுவிட்ச் போர்ட கழட்டிப் பாத்தான். இன்வெர்ட்டர் லைன் இல்ல. எப்படி இருக்கும், இவன் இழுத்தாத்தான?

வெளிய இருந்து ஜுலைகா கேட்டா. "அண்ணே, மாமா ரூமுக்கு அன்னைக்கு லைன் இழுத்தீங்கதானே? மையத்தக் குளிப்பாட்டுனவங்க, மாமா சட்டைய பிழியலாம் போல நனைஞ்சிருந்துச்சுன்னாங்க. நான்தான் ஃபேன நிறுத்திட்டேன்னு நெனச்சு, என் வூட்டுக்காரங்க எங்கூட பேசுறதே இல்லண்ணே. நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

அழுதுட்டா. அங்க ஒரு உண்மையச் சொல்லியிருந்தா அந்தப் பொம்பள மேல விழுந்த பழி போயிருக்கும்.

"இழுத்தேம்மா. நீதான் ஞாபகமில்லாம சுவிட்ச நிறுத்தியிருப்ப."

சொல்லி வாய மூடல... ஃபேன் நின்னுச்சு. மெதுவா இல்ல. யாரோ றெக்கையக் கையால புடிச்ச மாதிரி... டக்குன்னு.

அதுக்கப்புறம் அந்த வூட்டு பேட்டரி முழுசா மூணு மணி நேரம் தாங்குது. "என் கை பட்டா போதும்"னு பெருமை வேற பீத்திக்கிட்டான். ஜுலைகாவுக்கு அவ புருஷன் மட்டும் ஃபோன் போடவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி இவன் வூட்ல கரண்ட் இருந்துச்சு. ஃபேன் ஓடுது. பொண்டாட்டி இலக்கியா கட்டில்ல குளுருக்கு இழுத்துப் போத்திட்டுத் தூங்குறா. கீழ பாயில இவன் தனியா... காத்தே இல்ல, காத்தே இல்லன்னு புரள்றான். விடிஞ்சு இவன் எந்திரிச்சுப் போனதும் பாயச் சுருட்ட இலக்கியா குனிஞ்சா. ஒரே தைல நாத்தம்... வேர்வை ஈரத்துல ஆளு படுத்த அச்சு அப்படியே தெரியுது.

ரெண்டு ஆளு அச்சு.