அம்மனின் அலுமாரி

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் கோவில் கமிட்டித் தலைவர், நுவரெலியா புடவைக்கடை முதலாளி லெட்சுமணன் ஐயா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் முதியோர்களே! கொழுந்து பறித்த கையோடு கைதட்டக் காத்திருக்கும் தாய்மார்களே! பந்திக்காகப் பின்வரிசையில் பொறுமை காக்கும் தம்பிமார்களே! கமிட்டிச் செயலாளன் ஜனார்த்தனனின் பணிவான வணக்கம். எனக்குப் பின்னால் துணிபோட்டு மூடியிருப்பதை இப்போதே எட்டிப்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேடைதோறும் எனக்குப் போர்த்திய பொன்னாடைகளில் ஒன்றைக்கூட நான் எவருக்கும் கொடுத்ததில்லை. பெட்டி நிறையப் பூட்டி வைத்திருக்கிறேன். "செத்தா எல்லாத்தையும் ஒண்ணா போத்தி அனுப்புறேன், குளிராது" என்கிறாள் என் மனைவி சீதாலெட்சுமி. சிரியுங்கள், அவளும் அங்கே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அப்பேர்ப்பட்ட நான், செல்வம் சேர்ப்பது அறமா என்று பேச வந்திருக்கிறேன். விகாரையில் கேட்டேன், ஆசையை விடு என்றார்கள். தேவாலயத்தில் கேட்டேன், மண்ணில் சேர்க்காதே, விண்ணில் சேர் என்றார்கள். பள்ளிவாசலில் கேட்டேன், ஏழையின் பங்கை எடுத்துவைத்துவிட்டுச் சேர் என்றார்கள். நம் மாரியம்மன் கோவிலில் நாம் என்ன சொன்னோம்? அலுமாரியில் சேர் என்றோம்.

அம்மனுக்குச் சாத்திய சேலைகளைத் திருவிழா முடிந்ததும் பெண்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பதுதானே வழக்கம்? நிறுத்தியது யார்? நாங்கள்தான். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அம்மனுக்கு ஓர் அலுமாரி நிறையச் சேலை என்று கேள்விப்பட்டோம். நம் அம்மன் குறைந்தவளா என்று கொதித்தோம். பட்டின்மேல் பட்டாய் அடுக்கினோம், பூட்டினோம், பூரித்தோம்.

போன மழையில் மண் சரிந்து கீழ் லயத்து வீடுகள் வரிசையோடு புதைந்தனவே, மறப்போமா? உயிர் தப்பியது, உடுதுணி தப்பவில்லை. பெண்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஈரத்தோடு நடுங்கினார்கள். அம்மாக்கண்ணுவின் மகள் நிலக்ஷி பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சுற்றுவதற்கு ஒரு காய்ந்த துணி இல்லை. கூப்பிடு தூரத்தில் கோவில். கோவிலுக்குள் அலுமாரி. சாவியோ என் இடுப்பில். நானோ பாதை அடைபட்டு, முதலாளியோடு கந்தப்பளைத் தேத்தண்ணிக் கடையில்.

பாதை திறந்ததும் ஓடிவந்தோம். மண்டபத்தில் கால் வைத்தேன். அம்மனின் அரக்குப் பட்டில் ஒருத்தி அடுப்பூதுகிறாள். தேர்த் திருவிழாப் பட்டில் ஒருத்தி லீக்ஸ் நறுக்குகிறாள். பச்சைச் சரிகைக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை கொட்டாவி விடுகிறது. எங்கு பார்த்தாலும் அம்மன்!

"யாரு பூட்ட ஒடச்சது?" முதலாளி அதட்டினார்.

"நான்தாங்க," அம்மாக்கண்ணு முன்னால் வந்தாள். "எங்க வீட்டுக்காரரு தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால."

"சாமி குத்தம்னு தெரியாதா? இனிமே கோயில் வாசல்ல உனக்கென்ன வேல?"

"அம்மனுக்கு ஒடம்பு ஒண்ணுதானுங்களே மொதலாளி. ஒரு நேரத்துக்கு எத்தன சீல கட்டும்? குத்தமுன்னா அம்மனே என்கிட்ட கேக்கட்டும். புள்ளையச் சுத்துன துணிய மட்டும் அவுத்துப்புடாதீங்க."

முதலாளி கோவிலுக்கு நடந்தார், மிச்சத்தையாவது காப்பாற்ற. அடித்தட்டிலிருந்து, தம் மகள் கல்யாணத்துக்குச் சாத்திய மாம்பழப் பட்டைத் தூக்கினார். மடிப்போடு ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. அதற்கடுத்ததும். கரும்பூஞ்சணம். அவர் கையில் சரிகை மட்டும் தொங்கியது. ஐயோ, யாருக்காக அடுக்கினோம்? அம்மனும் உடுக்கவில்லை, அடியாரும் உடுக்கவில்லை, பூஞ்சணம் உடுத்தது!

முதலாளி மண்டபத்துக்குத் திரும்பிவந்து அம்மாக்கண்ணுவின் எதிரே நின்றார்.

"மேல் தட்டுல இன்னும் நல்லது இருக்கு போல."

"பாதி இருக்குங்க."

"அதையும் எடுத்துக் குடும்மா. வச்சா மக்கிப்போகும்."

அப்போது அவர் கண்ணைத் துடைத்தது புகையால் என்று சொன்னார். நானும் அப்படியே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தாய்மார்களே, பூட்டிய செல்வம் செல்வமா? இந்த ஈரமலையில் பூட்டியதெல்லாம் மக்கும், கொடுத்தது மட்டுமே காயும்! குற்றம் உடைத்தவளிடமா, அடுக்கியவனிடமா? இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள், மேடைக்கும் கேட்கட்டும்.

பேச விட்ட தலைவருக்கு நன்றி. பசியோடு கேட்ட உங்களுக்கு நன்றி. நிலக்ஷியின் மடியில் தூங்கும் அந்தச் சின்னவருக்கு என் வணக்கம்.

இனி, துணி மூடிய பொருளைத் தலைவர் அவர்கள் திறந்துவைப்பார். அம்மனுக்கு அவரே அன்பளித்த இரும்பு அலுமாரி. பழையதைவிடப் பெரியது. கவ்வாத்துக் கத்திக்கு அசையாத பூட்டு. சாவி என்னிடம்தான்.