முப்பத்தாறு மில்லிசெகண்ட்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது ஒரு தோழியின் அக்காவுக்கு நடந்தது.

பாட்டை அனுப்ப ஐந்து மணி நேரம் பதினொரு நிமிடம் இருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. ஈ காக்கை இல்லாத கிடங்குத் தெரு. கடைசிக் கிடங்கில்தான் அவளுடைய ஒலிப்பதிவுக் கூடம். ஒரே நீள அறை. ஒரு கோடியில் டிரம்ஸ், மறு கோடியில் கதவு. இடையில் பன்னிரண்டு மீட்டர்.

டிரம்ஸ் வாசித்தவன் அவள் கொழுந்தன். முதல் வாய்ப்பு. "தாளம் தள்ளாடுதே, பையன் ஊத்திட்டு வந்தானா?" என்று இசையமைப்பாளர் சிரித்துவிட்டார். ஆறு மணிக்குள் சரிசெய்யாவிட்டால் அவனுக்குப் பதில் மெஷின்.

திரையில் தாளக் கோடுகள். பிந்தி விழுந்த அடியை வெட்டி, கோட்டுக்கு நகர்த்த வேண்டும். வெட்டு... நகர்த்து... எத்தனை மில்லிசெகண்ட் தாமதம் என்று தாளில் குறிப்பது அவள் பழக்கம்.

முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்தாறு.

மனிதக் கை அப்படித் தவறாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

பல்லவி முழுக்க முப்பத்தாறு. முதல் சரணம் இருபத்து நான்கு. இரண்டாவது, பன்னிரண்டு.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். கம்ப்யூட்டர் விசிறி ர்ர்ர் என்றது. சூடேறிய தூசியின் வாடை.

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்ட். அப்படியென்றால் பன்னிரண்டு மீட்டர்... எட்டு... நான்கு. ஏதோ ஒரு சத்தத்தைக் கேட்டு வாசித்திருக்கிறான். அது கதவருகே தொடங்கி, நடந்து வந்திருக்கிறது. ஆனால் மைக்கில் டிரம்ஸைத் தவிர எதுவும் பதிவாகவில்லை.

கடைசிச் சரணத்தைத் திறந்தாள்.

பூஜ்யம்.

கொழுந்தனுக்கு ஃபோன் போட்டாள்.

"என்ன அண்ணி, பேயே தூங்கியிருக்கும் இந்நேரம்."

"டேய், ரெக்கார்டிங் அன்னைக்கு ஹெட்போன்ல டிக்-டிக்னு தாளம் வந்துச்சா?"





"வரவே இல்ல. சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன், அதுக்குள்ள நீங்க கதவுகிட்ட நின்னு கை தட்ட ஆரம்பிச்சீங்க. அதை வெச்சே வாசிச்சுட்டேன்."

"என்னைப் பாத்தியா?"

"நான் என்னைக்குக் கண்ணைத் தொறந்து வாசிச்சிருக்கேன்? தட்டிக்கிட்டே கிட்ட வந்தீங்க. கடைசியில என் தோள்லயே தட்டினீங்க, ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குச் சொல்லித்தர்ற மாதிரி. அதான் கோவம். அதான் இத்தனை நாள் பேசல."

பழி முழுக்க அவன் தலையில் விழுந்தபோதும் அவள் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பதிவு செய்பவர் செய்யவே கூடாத தப்பு அது.

"நான் உள்ளேயே இல்லடா," என்றாள். "பதிவை ஓடவிட்டுட்டு ஃபோன் பேசப் போயிட்டேன். யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு... கதவை வெளியில பூட்டியிருந்தேன்."